சோப்பக்காவின் கையுறை

சோப்பக்காவுக்கு அருவருப்பு பிறவிக் குணம். அடுத்தவர் குடித்த டம்ளரைப் பார்த்தாலே குமட்டும். அடுத்தவர் சீப்பைப் பார்த்தால் தலை அரிக்கும். அவளைக் கட்டிக்கொள்ள இருந்த ஒருவன் மூக்கை நோண்டிய விரலோடு பிஸ்கட் தட்டில் கை வைத்தான். அவன் தெருமுனை தாண்டுவதற்குள் பிஸ்கட்டோடு தட்டும் குப்பைக்குப் போனது. கல்யாணப் பேச்சும் அதோடு போனது. எந்நேரமும் சோப்பும் கையுமாக இருந்தவளுக்குச் சோப்பக்கா என்ற பெயர் அப்போது ஒட்டியதுதான்.

அப்படிப்பட்டவளுக்கு வாய்த்த வேலையோ, ஆஸ்பத்திரியில் அறுவைக் கருவிகளைக் கழுவுவது. ரத்தமும் சீழும் காய்ந்துபோன தட்டுகள் ஒரு கதவு வழியாக உள்ளே வரும். கழுவி நீராவியில் வைத்தெடுத்தபின் மறு கதவு வழியாக வெளியே போகும். முதல் கதவு வழியாக வந்த எதையும் வெறுங்கையால் தொடக்கூடாது. யாருடைய ரத்தம், என்ன நோய் என்ற விசாரணையே கிடையாது. மந்திரி உடம்பிலிருந்து வந்தாலும் அழுக்கு அழுக்குதான். இருபது வருஷத்தில் அவள் புத்தியைவிட அவள் கை இதை நன்றாகப் படித்திருந்தது.

வீட்டில் அண்ணன், அண்ணி, அவர்கள் பெண் குழந்தை, பால் வண்டி ஓட்டும் தம்பி. தம்பி கலகலப்பான ஆள். ஒரு காய்ச்சல் வந்து போனது. அதோடு அவனும் எங்கேயோ போய்விட்டான். சுவரோடு சண்டை போட்டான். சோற்றில் எதையோ கலக்கிறார்கள் என்று தட்டைத் தள்ளினான். குளிப்பதை விட்டான். அண்ணன் இதற்கு வைத்த பெயர் நடிப்பு. அண்ணி வைத்த பெயர் திமிர். அக்கம்பக்கத்துக்குத் தெரியக்கூடாதென்று பின்னறையில் தள்ளி, வெளியே பூட்டும் போட்டார்கள்.

அந்த அறையின் நாற்றம் ஆஸ்பத்திரிக் கழிவறைக்கே பாடம் சொல்லும். அதற்குள் தினமும் போனவள் சோப்பக்கா ஒருத்திதான். விஷம் இல்லை என்று காட்ட ரொட்டியை அவள் பாதி கடிப்பாள், மீதிப் பாதியை அவன் தின்பான். வேறு யார் கொடுத்தாலும் தொடமாட்டான். எச்சில் என்றாலே நாலு முறை கை கழுவுகிறவள் தன் எச்சிலைத் தானே தம்பிக்கு ஊட்டினாள். இந்த வயிற்றெரிச்சலை எங்கே போய்ச் சொல்வது?

கடைசியில் ஆஸ்பத்திரி நரம்பு டாக்டரை வழிமறித்துச் சொன்னாள். எல்லா மனநோய்க்கும் வைரஸ்தான் காரணம் என்று யாரும் சொல்லிவிட முடியாது, இன்னும் ஆராய்ந்துகொண்டுதான் இருக்கிறார்கள் என்றார் அவர். ஆனால் காய்ச்சலை அடுத்து ஒருவன் இப்படி மாறினால், வைரஸ் மூளைக்குள் புகுந்து வீக்கம் கொடுத்திருக்கிறதா என்று பார்த்தே ஆகவேண்டும். முதுகுத்தண்டில் ஊசி குத்தி நீர் எடுத்துச் சோதிக்கலாம். இருந்தால் மருந்து உண்டு. தள்ளிப்போட்டால் உயிருக்கே ஆபத்து. கூட இருப்பவர்களுக்கு ஒட்டுமா என்று கேட்டாள். மூளைக்குள் போனது டம்ளரில் ஏறி நடந்து வராதும்மா என்று சிரித்தார்.

அவள் வீட்டுக்கு ஓடாத குறையாக வந்தாள். நடிப்பும் இல்லை, திமிரும் இல்லை, நோயாக இருக்கலாம் என்று சொன்னாள். இனியாவது இரக்கப்படுவார்கள் என்று நம்பினாள், பைத்தியக்காரி. மற்றதெல்லாம் அவர்கள் காதில் ஏறவே இல்லை, வைரஸ் என்ற ஒரு சொல்தான் ஏறியது. அண்ணி குழந்தையின் படுக்கையை வாசல் பக்கம் இழுத்துப் போட்டாள். தம்பியின் டம்ளரில் அடையாளத்துக்கு நூல் கட்டினாள். அண்ணன் மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு நடமாடினான். சீச்சீ, இதுகளும் கூடப்பிறந்ததுகளா என்று வாய்விட்டே திட்டிவிட்டு, சோப்பக்கா ரொட்டியோடு பின்னறைக்குள் போனாள்.

தம்பி ரொட்டியைப் பார்க்கவில்லை. அவள் கைகளைப் பார்த்தான். அவளும் அப்போதுதான் பார்த்தாள். வேலைப் பையிலிருந்த கையுறை எப்போது கைக்கு ஏறியது என்று அவளுக்கே தெரியாது. போதாததற்கு, ரொட்டியைக் கடிக்காமல் பிய்த்து வேறு வைத்திருந்தாள். அவன் வாயை இறுக்கி மூடிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பினான்.

மறுநாளும் தின்னவில்லை, குடிக்கவில்லை. சோதனைக்குக் கூப்பிட்டால் கட்டில் காலைக் கட்டிப் பிடித்துக்கொண்டான். அண்ணியை என்ன வாய் பேசினோம் என்று நினைத்தபோது அவளுக்குத் தன் கைகளைப் பார்க்கவே கூசியது.

நூல் கட்டிய டம்ளரில் அவன் எப்போதோ வாய் வைத்து மிச்சம் வைத்த தண்ணீர் இருந்தது. மேலே தூசி படிந்திருந்தது. அவன் எதிரே உட்கார்ந்து அதை எடுத்துக் குடித்தாள். தொண்டை வரை குமட்டிக்கொண்டு வந்தது. கண்ணில் நீர் முட்டியது. விடாமல் விழுங்கினாள்.

"எதுக்குக்கா கையுறை போட்ட?"

"பழக்கம்டா. பாழாப்போன பழக்கம்."

அவன் அவளுடைய வெறுங்கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு ரொட்டியை எடுத்துத் தானே ஒரு பக்கம் கடித்தான். பல் தேய்த்தே நாளான வாய். மீதியை அவளிடம் நீட்டினான். அவள் வாங்கித் தின்றாள். அதன்பிறகே அவன் எழுந்து அவளோடு ஆஸ்பத்திரிக்கு வந்தான்.

சோதனையில் வைரஸ் எதுவும் அகப்படவில்லை. இப்போது அகப்படவில்லை என்பதால் எப்போதும் இருந்ததில்லை என்று ஆகிவிடாது, காரணம் தெரியாவிட்டாலும் வைத்தியம் உண்டு என்று டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். கொஞ்ச நாள் படுக்கையில் வைத்திருந்துவிட்டு அனுப்பினார்கள். தம்பி குளித்து, தலை வாரி, அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு வீடு வந்தான்.

செய்தி கேட்ட அண்ணி நெஞ்சில் கை வைத்துப் பெருமூச்சு விட்டாள்.

"அப்பாடா, ஒட்டாதுல்ல? வெறும் பைத்தியந்தானா!"

டம்ளரின் நூலை அறுத்துவிட்டு, அதை மற்ற டம்ளர்களோடு கவிழ்த்தாள். அண்ணன் மூக்குத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, அலமாரி மேலிருந்த பின்னறைப் பூட்டை எடுத்தான். இருபது வருஷம் சீழில் கை விட்டவளுக்கு அன்றைக்குக் குமட்டியதுபோல் என்றைக்கும் குமட்டியதில்லை.

சோப்பக்கா பையைத் திறந்து கையுறையை எடுத்தாள். வேலையில் செய்வதுபோலவே விரல் விரலாக இழுத்து மாட்டினாள். அண்ணன் கையிலிருந்த பூட்டை இரண்டு விரலால் பிடுங்கிக் குப்பையில் போட்டாள். அப்புறம் கையுறையையும் கழற்றி அதன்மேல் எறிந்துவிட்டு, தம்பியோடு சாப்பிட உட்கார்ந்தாள்.