ஒரு வண்டிக்குத்தான் இடம்

என் வீட்டுக்காரர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். இரண்டு மாடிக்கு நடுவில் லிஃப்ட் நின்றுபோய், உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் கதவைத் தட்டிக் கூச்சல் போடுவார்கள். இவர் வெளியே நின்று, "பயப்படாதீங்க, நான் இங்கதான் நிக்கிறேன்" என்பார். அவ்வளவுதான். உள்ளே அழுகைச் சத்தம் அடங்கிவிடும். அப்படி ஒரு குரல்.

எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. கண் ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுக்கிறேன். காலையிலிருந்து நூறு பேரையாவது "வரிசைல நில்லுங்க, வரிசைல நில்லுங்க" என்று அதட்டி அதட்டி, மெதுவாகப் பேசுவதே மறந்துவிட்டது. வீட்டிலும் பேசுவது நான், கேட்பது அவர்.

அவரிடம் ஒரு மோட்டார் சைக்கிள் இருக்கிறது. கல்யாணத்துக்கு முன்பு, வேலைக்குச் சேர்ந்த புதிதில் வாங்கிய முதல் வண்டி. நான் அதை என் சக்களத்தி என்பேன். இருபத்து மூன்று வருஷமாக மாடிப்படிக்கு அடியில் பழைய போர்வையைப் போர்த்திக்கொண்டு நிற்கிறாள் மகராசி. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அவர் போர்வையை விலக்கி, துடைத்து, உதைத்துக் கிளப்பி, ஐந்து நிமிஷம் என்ஜினை ஓடவிட்டு அணைத்துவிடுவார். ஏறி உட்காரக்கூட மாட்டார்.

காரணம் நான்தான். அப்போது எனக்கு ஏழாம் மாதம். டாக்டரிடம் காட்டிவிட்டு அந்த வண்டியில்தான் திரும்பினோம். தண்ணீர்த் தொட்டிக்கு முன்னால் ஒரு வளைவு. அதில் விழுந்தோம். எனக்கு முழங்கையில் சிராய்ப்பு, அவருக்கு மணிக்கட்டு முறிந்தது. தொங்குகிற கையோடு, மறு கையால் என்னைத் தூக்கி உட்காரவைத்து, "ஒண்ணுமில்ல, நான் இங்கதான் இருக்கேன்" என்றார். நான் நடுரோட்டில் உட்கார்ந்துகொண்டு அவரைக் கிழி கிழியென்று கிழித்தேன். குழந்தைக்கு ஒன்றும் இல்லை என்று டாக்டர் சொன்ன பிறகும் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

"இனிமே அந்த வண்டிய நீங்க தொட்டீங்க, நான் மனுஷியா இருக்கமாட்டேன்!"

"சரி" என்றார். கை கூடியதும் கியர் இல்லாத ஸ்கூட்டர் ஒன்று வாங்கினார். தினமும் என்னை ஆஸ்பத்திரியில் விடுவதும் கூட்டிவருவதும் அதில்தான். ஆனாலும் எங்களுக்குள் எந்தச் சண்டை வந்தாலும், குழம்பில் உப்பு கூடிய சண்டையாக இருந்தாலும், கடைசியில் நான் அங்கே போய்த்தான் நிற்பேன். "புள்ளத்தாச்சியக் கீழ தள்ளின ஆளுதானே நீங்க?" என்பேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு டூல்ஸ் பையில் எதையாவது தேடுவார்.

போன மாதம் வீட்டுச் சொந்தக்காரர் மாடிப்படிக்கு அடியில் தண்ணீர் மோட்டார் வைக்கப்போவதாகச் சொல்லிவிட்டார். வாசலில் எங்களுக்கு ஒரு வண்டிக்குத்தான் இடம். ஸ்கூட்டரா, மோட்டார் சைக்கிளா? இவர் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஐந்து மணிக்கு ஒருத்தர் வந்து மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொள்வார் என்றார். பார்சல் கம்பெனியில் வேலை பார்க்கும் எங்கள் மகள் ஒரு வாரம் லீவில் வந்திருந்தாள். நாள் முழுக்க மோட்டார் சைக்கிளிலேயே சுற்றுகிறவள். அவளுக்குப் பொறுக்கவில்லை.

"ஏன்ப்பா விக்கிறீங்க? ஸ்கூட்டரக் குடுத்துட்டு இதை ஓட்டுங்க."

"அம்மா இதுல உக்காரமாட்டா. அவள விட்டுட்டு நான் மட்டும் எங்க போறது?" என்றார்.

சமையலறையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். காதில் விழுந்தது. விழாத மாதிரி இன்னும் பலமாகத் தேய்த்தேன்.

"விக்கிறதுக்கு முன்னாடி ஒரு தடவையாவது ஓட்டிப் பாருங்கப்பா" என்று மகள் விடாப்பிடியாக நின்றாள். புது டயர் போட்டு, வீட்டுக்குப் பின்னால் இருக்கும் காலி மனைக்கு உருட்டிக்கொண்டு போனார்கள். நான் ஜன்னலில் நின்று பார்த்தேன். கிளப்பினார், கியர் போட்டார், போனார். போகத் தெரிந்தது, நிற்கத் தெரியவில்லை. ஸ்கூட்டரில் இரண்டு கைக்கும் பிரேக். இருபத்து மூன்று வருஷமாக இடது கையை அழுத்தினால் நிற்கும் என்று பழகிய மனுஷன். இதில் இடது கையில் இருப்பது கிளட்ச். அதை அழுத்தினால் வண்டி நிற்காது, இன்னும் சுகமாக உருளும்.

"அப்பா, அது பிரேக் இல்ல! காலு, காலு!" என்று மகள் அலறினாள். அதற்குள் அவர் பக்கத்து வீட்டுக் கொடியில் காய்ந்த துணிகளுக்குள் நுழைந்து, தலையில் ஒரு பெட்ஷீட்டோடு அந்தப் பக்கம் வெளியே வந்தார். சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது. பக்கத்து வீட்டம்மா என்னிடம் சண்டைக்கு வந்தாள், அது தனிக் கதை.

அடுத்த நாளும் அதே தப்பு. "கை சொன்னபடி கேக்கமாட்டேங்குது" என்றார். மூன்றாம் நாள் வண்டியைச் சரியாக நிறுத்தினார். நான்காம் நாள் மனையைச் சுற்றி வந்தவர் ஜன்னலை நிமிர்ந்து பார்த்தார். அந்த முகத்தைப் பார்த்து எத்தனை வருஷம் ஆகிவிட்டது! கல்யாணம் ஆன புதிதில் பார்த்த முகம். எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, ஞாயிற்றுக்கிழமை வரவே கூடாது என்றும் இருந்தது.

சனிக்கிழமை சாயங்காலம் அவர் வேலைக்குப் போயிருந்தார். மகள் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"சும்மா உக்காரும்மா. ஸ்டாண்டுலதான நிக்குது, எங்கயும் ஓடிடாது."

உட்கார்ந்தேன். அவள் முன்னால் ஏறிக்கொண்டாள்.

"பின்னாடி உக்கார்றவங்களுக்கு ஒரே வேலைதான்மா. அப்பா எந்தப் பக்கம் சாயுறாரோ நீயும் அந்தப் பக்கம் சாயணும். பயந்துபோய் எதிர்ப்பக்கம் இழுத்தா வண்டி திரும்பாது. ரோட்ட விட்டு வெளிய போயிடும். எப்பேர்ப்பட்டவன் ஓட்டினாலும் விழவேண்டியதுதான்."

தண்ணீர்த் தொட்டி வளைவு. வண்டி வலது பக்கம் சாய்ந்ததும் வயிற்றை நினைத்துப் பயந்து, அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்து, இருந்த பலத்தையெல்லாம் கூட்டி இடது பக்கம் இழுத்தது நான். மறக்கவே இல்லை. அதுவரை அது ஒரு விஷயம் என்றே எனக்குத் தோன்றியதில்லை. அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நான்கு மணி. அவர் வண்டியைக் கடைசித் தடவையாகத் துடைத்துக்கொண்டிருந்தார். மகளின் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு போய் நின்றேன்.

"கிளப்புங்க."

"எங்க?"

"தண்ணித் தொட்டிக்கு. கேள்வி கேக்காதீங்க."

நிமிர்ந்து என்னைப் பார்த்தார். துணியை மடித்து வைத்துவிட்டு வண்டியைக் கிளப்பினார். ஏறி, அவர் சட்டையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். "பயப்படாத, நான் இங்கதான இருக்கேன்" என்றார். நத்தை மாதிரி ஓட்டினார். வளைவு கண்ணுக்குத் தெரிந்ததும் முதுகில் தட்டினேன். நிறுத்தினார், சரியாகவே நிறுத்தினார்.

"ஏங்க, அன்னைக்கு நான் உங்கள இந்தப் பக்கம் இழுத்தேன். அதனாலதான விழுந்தோம்?"

அவர் பக்கக் கண்ணாடியைத் திருப்பிச் சரிசெய்தார்.

"உங்களுக்குத் தெரியும். சொல்லுங்க, தெரியுமா தெரியாதா?"

"இப்ப எதுக்கு அது? ஓட்டினது நான்தான" என்றார், ரோட்டைப் பார்த்துக்கொண்டே.

"இத்தன வருஷமா என்கிட்ட இவ்வளவு வாங்கிக் கட்டிக்கிட்டீங்களே! வாயத் திறந்து ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? வாய்க்கென்ன பூட்டா போட்டிருந்தீங்க?"

"சொல்லியிருந்தா நீ உன்னையே திட்டிக்கிட்டு இருப்ப. நீ திட்டுனா தாங்க முடியாது. அதுக்கு என்னையே திட்டட்டும்னு விட்டுட்டேன்."

ஹெல்மெட்டுக்குள் அழுதால் கண்ணைத் துடைக்க முடியாது என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். அவர் முதுகில் முட்டிக்கொண்டு அழுதேன். அழுது முடிக்கும்வரை கியர் போடாமல் காத்திருந்தார். பிறகு கிளம்பினோம். வளைவில் அவர் சாய்ந்தார். கண்ணை இறுக மூடிக்கொண்டு நானும் சாய்ந்தேன். வண்டி அது பாட்டுக்குத் திரும்பியது. இதற்கா இருபத்து மூன்று வருஷம்!

எங்கள் தெருவுக்குள் நுழையும்போது மணி ஐந்து. வாசலில் வண்டி வாங்க வந்தவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார், பக்கத்தில் மகள். இவர் வேகத்தைக் குறைத்தார். வாங்க வந்தவரிடம் என்ன சொல்வது, எப்படி மன்னிப்புக் கேட்பது என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே, இவர் இடது கையை அழுத்தினார்.

வண்டி நிற்கவில்லை. வாங்க வந்தவர் ஓர் அடி பின்வாங்க, அவரைத் தாண்டி, வாசலைத் தாண்டி, உருண்டுகொண்டே போனது. "அப்பா, அது கிளட்ச்!" என்று மகள் பின்னாலிருந்து கத்தினாள்.

"மன்னிச்சுக்கோங்க, வண்டி குடுக்கிறதா இல்ல!" என்று நான் தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினேன். கத்திப் பழகிய தொண்டை ஒரு நல்ல காரியத்துக்கு உதவியது.

மறந்துபோய் அழுத்தினாரா, வேண்டுமென்றே அழுத்தினாரா என்று இன்றுவரை சொல்லவில்லை. அவர் எதைத்தான் சொல்லியிருக்கிறார்? நானும் கேட்கவில்லை. சட்டையை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன், இழுக்காமல்.