பிரேக்குக்குப் பதில் பொன்னாடை

போன வாரம் எங்கள் தென்னூர்த் தெருக்காரர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். அரிசி வியாபாரி. பழைய பிக்கப் வண்டி ஒன்று வாங்கியிருக்கிறார். பிரேக்கை மாற்றச் சொல்கிறாராம் மெக்கானிக். மாற்றலாமா, வேண்டாமா? நான் படித்தவன், பத்திரிகையில் வேறு எழுதுகிறவன். ஓர் அபிப்பிராயம் சொல்ல வேண்டும்.

“மாத்திடுங்க” என்றேன்.

அவர் முகம் வாடிவிட்டது. இவ்வளவுதானா? படித்தவன் என்றால் இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் என்று காபி ஆறும் வரையாவது பேச வேண்டாமா?

“ஹார்ன் நல்லா இருக்கு சார்” என்றார்.

“ஹார்ன் அடிச்சா வண்டி நின்னுடுமா?”

“எதிர்ல இருக்கிறவன் ஒதுங்கிடுவானே.”

அவர் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார் — “எதுக்கும் யோசிப்போம். என் டிரைவர் மகா கெட்டிக்காரன் சார். பிரேக்கைத் தொடாமலே ஓட்டுவான்.”

அவர் போய்விட்டார். அந்த வாக்கியம் போகவில்லை. ஏனென்றால் இதே வாக்கியத்தை மேடை போட்டு, மைக் வைத்துப் பேசிய ஆள் நான்.

இந்தப் பத்தியில் வாராவாரம் ஊரார் குறைகளையெல்லாம் எழுதி வருகிறேன். நகரசபை, பஸ் கண்டக்டர், கல்யாண வீட்டுச் சாம்பார் — எதையும் விட்டதில்லை. இந்த வாரம் என் முறை.

பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்பு எனக்கு ஒரு சோடா கம்பெனி இருந்தது. அதற்கு ஒரு பிக்கப் வண்டியும் இருந்தது. ஏதோ எஸ்டேட்டில் இருந்த வெள்ளைக்காரத் துரை, ஊருக்குக் கப்பல் ஏறும்போது விற்றுவிட்டுப் போன வண்டி. யுத்தத்துக்கும் முந்தையது. பிரேக் கம்பியில் வேலை செய்யும். மிதித்தால் ஒரு கம்பி இன்னொரு கம்பியை இழுக்கும், அது மற்றொன்றை இழுக்கும்... சர்க்கார் ஆபீஸில் ஃபைல் நகர்வதுபோல ஒவ்வொரு இடமாக நின்று, கடைசியில் சக்கரத்துக்குச் செய்தி போய்ச் சேரும். அதற்குள் வண்டி நாலு வீடு தாண்டியிருக்கும்.

டிரைவர் சவரிமுத்து. பாலக்கரைக்காரர். சோடாப் பாட்டில்களை ஏற்றிக்கொண்டு காவிரிப் பாலம் தாண்டி ஸ்ரீரங்கம் போய், கடை கடையாக இறக்கிவிட்டு வருவார். கியரைக் குறைத்துக் குறைத்தே வண்டியை நிறுத்தும் வித்தை அவருக்குத் தெரியும். வித்தை என்று நான் சொன்னேன். வேறு வழியில்லாத மனிதன் கற்றுக்கொள்வதற்கெல்லாம் முதலாளிகள் வைக்கிற பெயர் அதுதானே?

ஒரு நாள் அவரே கேட்டார்.

“மொதலாளி, பாலத்து எறக்கத்துல வண்டி கொஞ்சம் சொன்ன பேச்சு கேக்க மாட்டேங்குது. காதர் பாய் ஆயில் பிரேக் மாட்டித் தரேங்கிறாரு.”

காதர் பாய் எங்கள் மெக்கானிக். வேலை வந்தால் வருமானம் என்று சொல்கிறார் என நினைத்துக்கொண்டேன். உண்மையில் அவருக்கு அந்த நினைப்பும் இருந்தது, மறைக்கவும் இல்லை. “எனக்கும் பொண்ணு கல்யாணம் வருதுல்ல மொதலாளி” என்று வெளிப்படையாகவே சொன்னார்.

நான் யோசித்தேன். யோசிப்பது எனக்குக் கைவந்த கலை. காலேஜில் தர்க்க சாஸ்திரம் படித்தவன் அல்லவா? நன்றாகப் பிடிக்கிற பிரேக் வண்டியைச் சட்டென்று நிறுத்தும். சட்டென்று நிறுத்தினால் பாட்டில் உடையும். ஆகவே சோடா வண்டிக்கு மட்டமான பிரேக்தான் சிறந்த பிரேக். எப்படி? இதை என் நண்பர்களிடம் சொன்னேன். ஒருவரும் சிரிக்கவில்லை, ஆமோதித்தார்கள். எல்லோரும் வண்டி வைத்திருந்தவர்கள்.

அந்த வருஷம் வண்டிக்குப் புதுப் பெயின்ட் அடித்தேன். இரண்டு கதவிலும் என் பெயர், பெயருக்குப் பின்னால் பி.ஏ. என் பட்டம் பாலத்தின் இந்தக் கோடியில் இருந்து அந்தக் கோடிக்குத் தெரியும்.

அப்புறம் சவரிமுத்துவின் மனைவி புஷ்பம் வந்தார். புருஷன் கடைகளுக்குச் சரக்குப் போட லைன் போயிருந்த நேரம் பார்த்து வந்தார். நிறையப் பேசுகிறவர் இல்லை. பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரை படித்தவர், சொல்லுவதை ஒழுங்காகச் சொல்லுவார்.

“ஐயா, இவரு வீட்டுக்கு வந்ததும் வலது காலத் தூக்கி நாற்காலியில வச்சுக்கிறாரு. மிதிச்சு மிதிச்சு முட்டி வீங்கிக் கெடக்கு. உங்ககிட்ட திரும்பக் கேக்கக் கூச்சப்படுறாரு. அந்தப் பிரேக்கப் போட்டுக் குடுத்துடுங்கய்யா.”

“செய்துடுவோம்மா” என்றேன்.

என்ன செய்தேன்?

ஆயுத பூஜை வந்தது. வண்டிக்குச் சந்தனம், குங்குமம், வாழைக்கன்று. தெருவே கூடியிருந்தது. மைக் செட் வாடகைக்கு எடுத்திருந்தேன். நம் ஊரில் மைக் ஒன்று கையில் கிடைத்துவிட்டால் யாரையாவது பாராட்டியாக வேண்டும். சவரிமுத்துவை மேடைக்குக் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்தினேன். “சாரதிச் சக்கரவர்த்தி” என்று பட்டம் கொடுத்தேன்.

பேசவும் பேசினேன். “மற்ற டிரைவர்கள் பிரேக் போட்டு வண்டியை நிறுத்துகிறார்கள். நம் சவரிமுத்து வண்டியை நிறுத்திவிட்டு, மரியாதைக்காகப் பிரேக்கைத் தொடுகிறார்.”

கைதட்டல் காதைப் பிளந்தது. சவரிமுத்து தலையைக் குனிந்துகொண்டு நின்றார். கண் கலங்கியிருந்தது. அதுவரை அவரை மேடைக்குக் கூப்பிட்டவர் யாரும் இல்லை. புஷ்பம் கூட்டத்தின் ஓரத்தில் நின்றார். அவர் கை தட்டவில்லை. கையில் பொரிப் பொட்டலம் இருப்பதால் என்று நினைத்துக்கொண்டேன்.

அது நான் திட்டமிட்டுச் செய்ததா? அந்த நிமிஷம் உண்மையாகவே நெகிழ்ந்துதான் பேசினேன். ஆனால் வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றும்போது, இனி பிரேக் செலவு இல்லை என்று ஒரு நிம்மதி வந்ததே... அது எங்கிருந்து வந்தது? கொடுக்க வேண்டியதைக் கொடுக்க மனமில்லாதபோது பட்டம் கொடுப்பது நம்மவர்களுக்குப் பழகிப்போன வழி. சம்பளம் கேட்கிற வாத்தியாருக்கு ‘எழுத்தறிவிக்கும் தெய்வம்’. ஒரு நாள் ஓய்வு கேட்கிற மனைவிக்கு ‘குடும்ப விளக்கு’. அப்புறம் அவர்கள் எப்படிக் கேட்பார்கள்? தெய்வம் எங்காவது சம்பளம் கேட்குமா?

சவரிமுத்துவும் கேட்கவில்லை. தெருப் பிள்ளைகள் ‘சக்கரவர்த்தி’ என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அவர் நடையே மாறியது. காதர் பாய் ஒரு தடவை என் எதிரிலேயே பேச்செடுத்தார்.

“என்னப்பா சவரி, ஆயில் பிரேக் மாட்டிடலாமா?”

“எனக்கெதுக்கு பாய் அதெல்லாம்?”

“ஒனக்கு யாருப்பா கேட்டா? ரோட்டுல போறவன் பாவம்னு கேட்டேன்.”

சவரிமுத்து சிரித்தார். நானும் சிரித்தேன். பாய் சிரிக்கவில்லை.

வைகுண்ட ஏகாதசிக்கு முன்னே ஒரு காலை. வண்டி நிறையச் சோடா, கலர். திருவிழா வியாபாரம் என்பதால் பெட்டிகளை வழக்கத்தைவிட அதிகமாக ஏற்றச் சொன்னது நான். பாலம் தாண்டி மாம்பழச்சாலைப் பக்கம் இறங்கும்போது, முன்னே போன பஸ் நின்றது. வெளியூர்க் கூட்டம் மூட்டை முடிச்சோடு இறங்கி ரோட்டைக் கடக்கிறது. சவரிமுத்து கியரைக் குறைத்தார். மிதித்தார். பாரம் தள்ளியது. கம்பிகள் ஒன்றுக்கொன்று செய்தி சொல்லிக்கொண்டிருக்க, வண்டி நிற்கவில்லை. அவர் ஸ்டியரிங்கை ஒடித்து, ரோட்டோரப் புளியமரத்தில் கொண்டுபோய் மோதினார்.

கூட்டத்தில் ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை. சவரிமுத்துவின் வலது கால் முட்டிக்குக் கீழே நொறுங்கிவிட்டது. மிதித்த கால்.

ஆஸ்பத்திரிக்கு இன்ஸ்பெக்டர் வந்தார். நான் கட்டிலின் தலைமாட்டில் நின்றேன், புஷ்பம் கால்மாட்டில்.

“பிரேக் பிடிக்கலையா?” என்றார் இன்ஸ்பெக்டர்.

சவரிமுத்து என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை, இருந்திருந்தால் பிழைத்திருப்பேன். பரீட்சையில் தோற்ற பையன் அப்பாவைப் பார்ப்பதுபோல ஒரு வெட்கம்.

“பிரேக்கெல்லாம் நல்லா இருந்துச்சுங்க. நான்தான் கவனம் தப்பிட்டேன்.”

இன்ஸ்பெக்டர் என் பக்கம் திரும்பினார். “நீங்க என்ன சொல்றீங்க?”

வண்டியின் முன்பக்கம் அப்பளமாகியிருந்தது. யார் சோதித்தாலும் பிரேக் எப்படி இருந்தது என்று தெரியப்போவதில்லை. பி.ஏ. வாயைத் திறந்தது.

“ரொம்ப நல்ல டிரைவர் சார். அன்னிக்கு என்னமோ...”

அந்த ‘என்னமோ’ போதுமானதாக இருந்தது. கேஸ் அவர்மேல் போனது. லைசென்ஸ் போனது. கால் ஏற்கனவே போயிருந்தது.

இன்ஸ்பெக்டர் போனபிறகு வராந்தாவில் புஷ்பம் என்னிடம் சொன்னார். குரலை உயர்த்தவில்லை.

“நீங்க மைக்குல பேசுன அன்னைக்கே எனக்குத் தெரிஞ்சுபோச்சுங்கய்யா. இனிமே இவரு வாயத் தொறந்து கேக்கமாட்டாருன்னு.”

வைத்தியச் செலவைக் கொடுத்தேன். அதைச் சொல்லி நல்ல பெயர் வாங்க வரவில்லை. அதையும் அந்த நாளில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டுதான் திரிந்தேன். கம்பெனியைப் பிறகு விற்றுவிட்டேன்.

அரிசி வியாபாரி வந்து போன மறுநாள், மனசு கேட்காமல் சவரிமுத்துவைப் பார்க்கப் போனேன். இப்போது ஒரு சினிமா கொட்டகையின் சைக்கிள் ஸ்டாண்டில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து டோக்கன் கொடுக்கிறார். கட்டைக் காலைச் சுவரில் சாய்த்து வைத்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தார். பிடித்து உட்கார வைத்தேன்.

“சவரி, தப்பு என் பேர்ல. அந்தப் பிரேக்கை நான் மாத்திக் குடுத்திருக்கணும். வண்டி நிக்காததுக்கு நீ காரணமில்ல.”

இதைச் சொல்ல எனக்கு இத்தனை வருஷம் பிடித்தது. அவர் முகம் மெல்ல மாறியது. அன்று இன்ஸ்பெக்டர் எதிரில்கூட அது அப்படி மாறவில்லை.

“என்ன மொதலாளி... இப்ப வந்து என்னைய சாதா டிரைவர் ஆக்குறீங்களே.”

அப்புறம் பக்கத்தில் நின்ற சைக்கிள்காரரைப் பார்த்துச் சொன்னார். “இவருதான் எங்க மொதலாளி. நான் பிரேக்கைத் தொடாம வண்டி ஓட்டுனவனா இல்லையான்னு இவரக் கேளுங்க, சொல்லுவாரு.”

சைக்கிள்காரர் என்னைப் பார்த்தார். நான் ஆமாம் என்று தலையாட்டினேன். வேறு என்ன செய்ய?

ஆகவே அங்கே முடியாத பாவமன்னிப்பை இங்கே எழுதுகிறேன். சவரிமுத்து பத்திரிகை படிப்பதில்லை. புஷ்பம் படிப்பார், படித்துவிட்டு அவரிடம் ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். அது தெரிந்துதான் எழுதுகிறேன்.

பார்த்தீர்களா, இதிலும் செலவில்லாத வழியைத்தான் பிடித்திருக்கிறேன்.