அத்தையின் இரண்டாவது பயோடேட்டா

அத்தையின் பழைய பயோடேட்டா ஒற்றைத் தாள். தட்டச்சில் அடித்தது. மடிப்புகளில் நைந்து துணிபோல மெத்தென்று ஆகியிருந்தது. போன வருஷம் மழைக்காலத்தில், குன்னூரில் அவள் வீட்டில் அதை என் லேப்டாப்புக்குப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு நாங்கள் சிரித்த சிரிப்பில், பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டி என்ன விஷயம் என்று கேட்டார். ‘பொழுதுபோக்கு: தபால்தலை சேகரித்தல்’ என்று அதில் இருந்தது. அத்தை வாழ்நாளில் ஒரு தபால்தலைகூடச் சேர்த்ததில்லை.

“டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்ல எல்லாத்துக்கும் அதையேதான் அடிச்சுக் குடுத்தாங்க கண்ணு. அந்த வருஷம் குன்னூர்ல வேலை தேடுன அத்தனை பேரும் ஸ்டாம்பு சேர்த்தவங்கதான்” என்றாள்.

அந்தத் தாளைக் காட்டித்தான் இருபத்து நான்கு வயதில் ஒரு தேயிலைக் கம்பெனியின் அலுவலகத்தில் டெலிபோன் ஆபரேட்டராகச் சேர்ந்தாள். எஸ்டேட்டுகளிலிருந்து வரும் அழைப்பெல்லாம் அவள் காதைத் தாண்டித்தான் உள்ளே போகும். இருபத்தொன்பது வருஷம் கழித்துக் கம்பெனி அலுவலகத்தைக் கோயம்புத்தூருக்கு மாற்றியது. அங்கே போனை எடுக்க ஒரு பதிவுக்குரல் இருந்தது. அத்தைக்குச் சால்வை போர்த்தி அனுப்பிவைத்தார்கள்.

தனியாக இருக்க வேண்டாம், திருப்பூருக்கே வந்துவிடு என்றார் அப்பா. “அண்ணன் ஊட்டுல மூணு வேளையும் சோறு கிடைக்கும். காலைல எந்திரிச்சு எங்க கண்ணு போறது?” என்று என்னிடம் கேட்டாள். லீவு போட்டுவிட்டுக் குன்னூருக்கு மலையேறினேன்.

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் ஆளெடுக்கும் பிரிவில்தான் எனக்கு வேலை. பிறந்த தேதியைப் பார்த்ததுமே ஒதுக்கப்படும் தாள்கள் எத்தனையோ. அதில் பாதியை நானே ஒதுக்கியிருக்கிறேன். அதனால் அத்தையின் புதிய பயோடேட்டாவில் பிறந்த தேதியைப் போடாமல் விட்டேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு முறை படித்தவள், “ஏங்கண்ணு, நான் பொறந்ததையே எடுத்துட்டியா?” என்றாள். திரும்பச் சேர்க்கும்வரை விடவில்லை. என்னென்ன வேலை செய்தாய் என்று கேட்டால், “போன் எடுத்தேன், குடுத்தேன். வேறென்ன?” என்பதற்குமேல் ஒரு வரி தேறவில்லை.

ஐந்து இடங்களுக்கு அனுப்பினோம். ஊட்டியில் ஒரு தனியார் மருத்துவமனை மட்டும் வரவேற்பறை வேலைக்குக் கூப்பிட்டது. துணைக்கு நானும் போனேன். மேலாளருக்கு முப்பது வயதிருக்கும், மரியாதையான பையன். கம்ப்யூட்டர் தெரியுமா என்று கேட்டார்.

“தெரியாதுங்க. கத்துக்குவேனுங்க.”

தாளை ஒருமுறை புரட்டினார். “நாங்க கொஞ்சம் சின்ன வயசுக்காரங்களாத்தான் பாக்கறோங்க மேடம்” என்று மெதுவாகச் சொன்னார். அந்தக் குரல் எனக்குப் பழக்கமானது. என் அலுவலகத்தில் நான் பேசும் குரல் அது. கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டேன்.

வெளியே வரவேற்பு மேசையில் போன் அடித்தது. அங்கிருந்த பெண் ஒரு நோயாளியை உள்ளே அழைத்துப் போயிருந்தாள். அத்தையின் பார்வை மேலாளரைத் தாண்டிக் கதவுக்குப் போனது. மூன்றாம் முறை அடித்தபோது, “மன்னிச்சுக்குங்க சார்” என்று எழுந்தவள், நாங்கள் பின்னால் ஓடுவதற்குள் போனை எடுத்துவிட்டாள்.

மறுமுனையில் ஓர் ஆள், மலைக்காரர்கள் பேசும் படுக மொழியில் அழுதுகொண்டிருந்தது எனக்கே கேட்டது. எஸ்டேட் அழைப்புகளில் பழகியிருந்த அதே மொழியில் அத்தையும் பேசினாள். எனக்கு ஒரு சொல்லும் புரியவில்லை, ஆனால் அந்த ஆளின் குரல் கொஞ்சம் கொஞ்சமாகத் தணிந்தது தெரிந்தது. அத்தை ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு மேலாளரைப் பார்த்தாள்.

“எமரால்டு ஊருப் பக்கமுங்க. சம்சாரத்துக்கு வலி வந்துருச்சாம். ரோட்டுல மரம் உழுந்து கெடக்குது. ஆம்புலன்ஸை மரத்துக்கு இந்தப் பக்கம் நிக்கச் சொல்லுங்க. அந்தப் பக்கம்வரைக்கும் ஜீப்புல கொண்டாந்துருவாங்க. ஸ்ட்ரெச்சரோட ஒரு நர்ஸையும் அனுப்பிவிடுங்க.”

அவர் ஏன், எதற்கு என்று ஒன்றும் கேட்கவில்லை, டிரைவரைக் கூப்பிட்டுக்கொண்டு ஓடினார். அடுத்த ஒன்றரை மணி நேரம் அத்தை அந்த நாற்காலியைவிட்டு எழவில்லை. டிரைவரிடம் கேட்டதைக் கணவனிடம் சொன்னாள். கணவன் சொன்னதை டிரைவரிடம் சேர்த்தாள். மேசைக்குரிய பெண் திரும்பி வந்து அவள் பின்னால் நின்றுகொண்டாள். இதற்குத்தான் ‘எடுத்தேன், குடுத்தேன்’ என்று பெயரா என்று நினைத்துக்கொண்டேன்.

மத்தியானம் பெண் குழந்தை பிறந்தது. நன்றி சொல்லக் கீழே வந்த அப்பன்காரன் யாரிடம் சொல்வதென்று தெரியாமல் விழித்தான். “உக்காருங்க தம்பி” என்று அத்தை சொன்னதும் சட்டெனத் திரும்பினான். “நீங்கதானுங்களா? கொரலைக் கேட்டுச் சின்னப் புள்ளைனு நெனச்சனுங்க!” அங்கிருந்த எல்லோரும் சிரித்தோம். மேலாளர்தான் அதிகம் சிரித்தார்.

ஒரு வருஷம் ஓடிவிட்டது. கம்ப்யூட்டர் இப்போது அவளுக்குப் பழகிவிட்டது. அதில் தட்டச்சு செய்வதில் என்னைவிட வேகம். ஆனால் அத்தை என்றதும் இன்றும் எனக்குத் தோன்றுவது அன்றைக்கு அந்த மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த அத்தைதான். அன்று சிரிப்பு அடங்கியதும் மேலாளர் தன் கையாலேயே டீ கொண்டுவந்து வைத்தார். “மேடம், திங்கக்கிழமையிலிருந்து வந்துருங்க. உங்களுக்குச் சம்மதந்தானுங்களே?” என்று கேட்டார். அத்தை வாயைத் திறப்பதற்குள் போன் அடித்தது. ஒரு விரலை உயர்த்தி அவரைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லிவிட்டு, ரிசீவரை எடுத்தாள்.