பாலிஷ்காரர் கூட்டத்துக்குப் போன கதை

குடிப்பவருக்கென்றே ஒரு தொழில் உண்டென்றால் அது மரத்துக்குப் பாலிஷ் போடும் தொழில்தான். அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்து, துணிப்பந்தில் தொட்டுத் தொட்டு, கதவிலும் அலமாரியிலும் நாள் முழுக்கத் தேய்க்க வேண்டும். சாயங்காலம் வீடு திரும்பும்போது ஆள் மூடி திறந்த பாட்டில் மாதிரி மணப்பார். நம் பாலிஷ்காரர் இந்த வசதியை வருஷக்கணக்கில் அனுபவித்தார். வேலை முடிந்தால் மதுக்கடை, கடை முடிந்தால் வீடு. மனைவி மூக்கைச் சுளித்தால், “வேலை வாசனைம்மா” என்று ஒரே போடு. அவளும் சாப்பாட்டை வைத்துவிட்டு நகர்ந்துவிடுவாள். தன் சாமர்த்தியத்தில் மனிதருக்கு ஏகப்பட்ட பெருமை.

ஆனால் கொஞ்ச நாளாக அவள் மூக்கைச் சுளிப்பதையும் விட்டுவிட்டாள். என்ன, ஏது என்று ஒரு கேள்வி இல்லை. சண்டைக்கு வந்திருந்தால் சமாளித்திருப்பார். இப்படிச் சும்மா இருந்தால் எதைச் சமாளிப்பது? வேலையிலும் கவனம் சிதறி, பளபளவென்று வந்திருக்க வேண்டிய மேஜையில் கோடு விழ ஆரம்பித்தது.

அந்தச் சமயத்தில்தான் ஓர் அலுவலகத்தின் பழைய கதவைச் சுரண்டும்போது, அதில் ஒட்டியிருந்த நோட்டீஸ் கண்ணில் பட்டது. ‘குடியை விட நினைப்பவர்கள் கூடுகிறோம், செவ்வாய் மாலை’ என்பது வரை பிழைத்திருந்தது. எங்கே கூடுகிறார்கள் என்ற பாகத்தைச் சற்று முன்பு அவரேதான் சுரண்டித் தள்ளியிருந்தார். குனிந்து தூசியைக் கிளறிப் பார்த்ததில் ‘மாடி’ என்ற ஒரு சொல் கிடைத்தது. ஊரில் மாடிக்கா பஞ்சம்?

மருந்துக்கடைக்குப் போய், குரலைத் தாழ்த்தி, “கூட்டாளி ஒருத்தனுக்காகக் கேக்குறேன்…” என்று இழுத்தார்.

“பள்ளிக்கூடத்துக்குப் பின்னாடி நூலகம் இருக்குல்ல, அதுக்கு மேல” என்றார் கடைக்காரர், சிரிக்காமல். “கூட்டாளி வரலைன்னாலும் நீங்க போங்க.”

அன்று முதல் ஒரு சொட்டும் தொடவில்லை. உடம்பு படுத்திய பாடு கொஞ்சநஞ்சமல்ல. கூட்டத்தில் எழுந்து நின்று, தெளிவாக இருக்கும்போதே, தன் குடியைப் பற்றித் தன் வாயால் தானே சொல்லிவிட வேண்டும். அது நடந்தால் பிழைத்துக்கொள்வோம், நடக்காவிட்டால் மறுபடி கடைதான் என்று அவர் மனதில் விழுந்துவிட்டது. செவ்வாய் மாலை வேலையிலிருந்து வந்து பையை வைத்தவர், சட்டை மாற்ற நின்றால் மனசும் மாறிவிடும் என்று பயந்து அப்படியே கிளம்பினார். “ஒரு கூட்டத்துக்குப் போறேன்” என்றார் மனைவியிடம். “சரி” என்றாள். அந்தச் சரியில் நம்பிக்கை துளியும் இல்லை.

நூலகத்து மாடியில் நாற்காலிகள் வட்டமாகக் கிடந்தன. வாசலில் நின்று வரவேற்றவர் ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர். வேலை போனாலும் பழக்கம் போகவில்லை. “உள்ள போங்க, உள்ள போங்க, எடம் இருக்கு” என்று எல்லோரையும் அனுப்பிக்கொண்டிருந்தவர், பாலிஷ்காரர் கிட்டே வந்ததும் நிறுத்தினார். மூக்கு லேசாக விரிந்தது. தோளில் கை வைத்தார்.

“வந்ததே பெரிய விஷயம் தம்பி. உக்காருங்க. இங்க ஒரு வழக்கம் உண்டு. அன்னிக்குக் குடிச்சிருந்தா கேக்கலாம், பேசக்கூடாது. நீங்க அடுத்த வாரம் பேசுங்க.”

“நான் குடிக்கலண்ணே. இது வேலை வாசனை.”

இத்தனை வருஷம் பொய்யாகச் சொன்ன அதே சொல். உண்மையாகச் சொன்ன அன்றைக்கு யார் காதிலும் ஏறவில்லை. வட்டத்தில் இருந்தவர்கள் முறைக்கவில்லை, அன்பாகத்தான் பார்த்தார்கள். இதைவிடப் பெரிய கதைகளை எல்லாம் தங்கள் வீடுகளில் விட்டவர்கள் அவர்கள். அந்த அன்பைத் தாங்க முடியாமல், கீழே இறங்கினால் கடை எத்தனை தூரம் என்று கணக்குப் போட்டபடி அவர் திரும்பினார்.

படியில் அவர் மனைவி நின்றுகொண்டிருந்தாள். மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியது.

“இவரு சொல்றது உண்மைதாங்க” என்றாள் கண்டக்டரிடம். “நான் இவரு சம்சாரம். ஒரு வாரமா தொடல, இன்னிக்கு மறுபடி கடைக்குத்தான் போறாருன்னு நினைச்சுப் பின்னாலயே வந்தேன். வேலை வாசனைன்னா கையிலயும் சட்டையிலயும் வரும். குடிச்சிருந்தா மூச்சுல வரும். எனக்கு ஒரு நாள்கூடத் தப்பினதில்ல.”

பாலிஷ்காரர் ஒரு படி இறங்கினார். “ஒரு நாள்கூடவா?”

“ஒரு நாள்கூட.”

“அப்புறம் ஏன் நீ கேக்கல?”

“கேட்டா, ஆமா குடிச்சேன், இப்ப என்னன்னு சொல்லிடுவீங்களோன்னு பயம். பொய் சொல்ற வரைக்கும் உங்ககிட்ட கொஞ்சம் வெக்கம் மிச்சம் இருக்குன்னு என்னை நானே தேத்திக்கிட்டேன். இப்பக் கொஞ்ச நாளா அந்தத் தெம்பும் போச்சு.”

தெரியாதது போல் இருக்கும் பாரத்தை இத்தனை நாள் அவள் தனியாகச் சுமந்திருக்கிறாள். வெட்கமும் பிரியமும் சேர்ந்து வர, அவர் கை நீட்டி அவளை மேலே ஏற்றினார்.

கண்டக்டர் இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டார். “ரெண்டு பேரும் உள்ள வாங்க. தம்பி, நான்தான் தப்பா நினைச்சுட்டேன். இன்னிக்கு நீங்கதான் மொதல்ல பேசணும்.”

வாரம் முழுக்க உருப்போட்ட பேச்சில் ஒரு வரிகூட ஞாபகம் வரவில்லை. எழுந்து நின்றார். வட்டத்தைப் பார்த்துப் பேச வேண்டியவர் அவள் பக்கம் திரும்பிவிட்டார்.

“நான் குடிகாரன்ம்மா” என்றார்.

“தெரியும்ங்க” என்றாள், இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டு. “நீங்க சொல்லி இப்பதான் கேக்குறேன்.”