இரண்டு வார வாசனை

அந்த மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவில் அவளுக்கு ‘அஞ்சு நாள் சிஸ்டர்’ என்று பெயர். மூக்கடைப்புக்குச் சொட்டு மருந்து வாங்கிப் போகிற ஒவ்வொருவரிடமும் ஐந்து விரலையும் விரித்துக் காட்டி, அஞ்சு நாள்தான், ஆறாம் நாள் பாட்டிலைக் குப்பையில் போட்டுவிட வேண்டும் என்பாள். கேட்காமல் ஆறு மாதம் ஊற்றி, சொட்டு இல்லாமல் மூச்சே விட முடியாது என்று திரும்பி வருகிறவர்கள் தொலைந்தார்கள். ஒரு தலைமை ஆசிரியரை வரிசையில் அத்தனை பேர் முன்னாலும் வாங்கு வாங்கென்று வாங்கினாள். மனிதர் பள்ளிப் பிள்ளை மாதிரி தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு போனார்.

ஸ்பிரே அடிக்கச் சொல்லிக் கொடுப்பதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. தலையைக் கொஞ்சம் குனி. வலது கையால் இடது மூக்கில் வை. நுனி நடுச்சுவரைப் பார்க்கக் கூடாது, வெளிப்பக்கமாகச் சாயட்டும். அடித்ததும் உர்ரென்று உறிஞ்சாதே, உறிஞ்சினால் மருந்து வயிற்றுக்குப் போய்விடும், மூக்குக்கு ஒன்றும் மிஞ்சாது. இவ்வளவும் சொல்லி, எதிரிலேயே செய்ய வைத்துப் பார்த்துவிட்டுத்தான் ஆளை விடுவாள்.

இத்தனை மூக்குகளைக் கட்டி மேய்த்தவளுடைய சொந்த மூக்கோ பன்னிரண்டு வருடமாகத் தானாக எதையும் முகரவில்லை. உள்ளே சதை வளர்ந்து அடைத்துக்கொண்டுவிட்டது. இரண்டு முறை அறுத்து எடுத்தார்கள், இரண்டு முறையும் வளர்ந்தது. தினமும் உப்புத் தண்ணீரால் கழுவி, ஸ்பிரே அடித்து, மூச்சு விடுமளவுக்கு வைத்திருந்தாள். இரண்டாவது அறுவை முடிந்தபோது எல்லாம் சரியாகிவிட்டது என்று தங்கையிடம் புளுகியிருந்தாள். கடல் தாண்டி இருப்பவளை எதற்குக் கலங்கடிப்பது?

வாசனை வர ஒரே ஒரு வழி இருந்தது. ஒரு வாரம் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டால் சதை சுருங்கும். அவளுக்கு நாலாம் நாள் வாசனை வரும், ஏறக்குறைய இரண்டு வாரம் இருக்கும், பிறகு வந்த வழியே போய்விடும். எலும்புக்கும் ஆகாது, சர்க்கரையும் ஏறும், ஆகவே வருடத்துக்கு ஒரு தடவைக்கு மேல் என்னிடம் வந்து நிற்காதே என்று டாக்டர் கறாராகச் சொல்லியிருந்தார். இந்த வருடத்து இரண்டு வாரத்தை அவள் தொடாமல் பத்திரமாக வைத்திருந்தாள். தங்கையின் குழந்தைக்காக.

தங்கை அவளைவிடப் பன்னிரண்டு வயது இளையவள். அம்மா ஆலைக்கு வேலைக்குப் போய்விட, கைக்குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, அதன் உச்சந்தலையில் மூக்கைப் புதைத்தபடியேதான் இவள் பாடம் படித்தாள். அது என்ன வாசனை என்று கேட்டால் சொல்லத் தெரியாது. காபி வாசனை போனதைச் சகித்துக்கொண்டாள், சோப்பு வாசனையை மறந்தே போனாள். இந்த ஒன்றுக்கு மட்டும் மனசு கிடந்து அடித்துக்கொண்டது. கல்யாணமாகிப் பதினொரு வருடம் கழித்துத் தங்கைக்குப் பெண் குழந்தை பிறந்து, மூன்று மாதக் கைக்குழந்தையோடு சனிக்கிழமை கிளம்பி வருகிறேன் என்றதும், இவள் விரல் விட்டு எண்ணி, செவ்வாய்க்கிழமை காலை முதல் மாத்திரையைப் போட்டுக்கொண்டாள். ஏன் என்று யாரிடமும் மூச்சு விடவில்லை.

வெள்ளிக்கிழமை காலை கண் விழித்தபோது தலையணை நாறியது. எழுந்து உட்கார்ந்து அதை மறுபடி மறுபடி முகர்ந்து பார்த்தாள். எண்ணெய்ச் சிக்கு, வேர்வை, ஈரப் பஞ்சு. தலையணை உறையை அப்போதே துவைக்கப் போட்டுவிட்டுச் சிரித்தாள், சந்தோஷம் தாங்கவில்லை. அந்த நேரம் பார்த்துத் தங்கையின் அழைப்பு வந்தது.

குழந்தைக்குச் சளி பிடித்திருந்தது. அங்கே காட்டிய டாக்டர் பயப்பட ஒன்றுமில்லை, பயணம் உங்கள் இஷ்டம் என்று சொல்லிவிட்டாராம். திரையில் குழந்தை பாலில் வாயை வைப்பதும், மூச்சு முட்டி விடுவதும், மறுபடி அழுவதுமாக இருந்தது.

“மூக்கு கொர்கொர்ருங்குதுக்கா. நாளைக்குக் கிளம்பவா, வேண்டாமா? நீ என்ன சொல்றியோ அதான்.”

இவளுக்கு வாய் வரைக்கும் வந்துவிட்டது, வா என்று. சின்னச் சளிதானே. பால் கொடுத்துக்கொண்டே வந்தால் போகிறது. ஊரில் எத்தனை பேர் அப்படி வருகிறார்கள். வா என்று சொன்னால் நாளை மறுநாள் அந்தத் தலை தன் மூக்குக்கு அடியில் இருக்கும். திரையில் குழந்தை இன்னொரு தடவை பாலை விட்டுவிட்டு அழுதது.

“வேண்டாம். மூக்கு அடைச்சிருக்கும்போது ப்ளேன் கீழ இறங்கினா காது வலி பிள்ளையைத் துடிக்க வெச்சிடும். அடுத்த மாசம் வா.”

பிறகு என்ன செய்ய வேண்டும் என்று நிதானமாகச் சொன்னாள். பால் கொடுப்பதற்கு முன்னால் பக்கத்துக்கு இரண்டு சொட்டு உப்புநீர் விடு. கொஞ்சம் பொறுத்து, ரப்பர் பம்பால் மெதுவாக உறிஞ்சி எடு. பெரியவர்கள் போடுகிற சொட்டு மருந்தை அந்தப் பக்கமே கொண்டுபோகாதே. அழைப்பை வைத்ததும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுதால் மூக்கு அடைக்கும் என்று அதையும் நிறுத்தினாள்.

மாத்திரையைப் பாதியில் விடக் கூடாது என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவள், கடைசி வரை சாப்பிட்டு முடித்தாள். அந்த இரண்டு வாரமும் வாசனை கொட்டிக் கிடந்தது, வேண்டியதைத் தவிர. அறுவைக்கு அடுத்த நாள் நோயாளியின் மூக்கிலிருந்து பஞ்சுத் திரியை உருவும்போது உதவிக்கு நிற்பவள் ஏன் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள் என்று விளங்கியது. வீட்டு அலமாரி பூஞ்சை அடித்தது. இத்தனை மாதம் இந்தத் துணியையா உடுத்திக்கொண்டு போனோம் என்று வெட்கமாக இருந்தது.

பத்தாம் நாள் ஒருத்தி மூக்கடைத்த கைக்குழந்தையைக் கொண்டுவந்தாள். இவள் சளியை எடுத்துவிட்டுக் குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டாள். தாய் குனிந்து பையில் துணி தேடிய அரை நிமிடத்தில், அந்த உச்சந்தலையை ஆழ முகர்ந்துவிட்டாள். பால், இளஞ்சூடு, கொஞ்சம் வேர்வை. யாரோ பெற்ற பிள்ளை. திருடியது போலிருந்தது. குழந்தையைக் கொடுத்துவிட்டுக் கழுவும் தொட்டிப் பக்கம் போய்ச் சற்று நேரம் குழாயைத் திறந்துவிட்டு நின்றாள். அடுத்த வாரம் காபி வெறும் சுடுதண்ணீராகிவிட்டது.

அடுத்த மாதம் தங்கை வந்தாள். வாசலிலேயே குழந்தையை அக்காவின் கையில் போட்டாள். இவள் மூக்கைப் புதைத்தாள். மயிர் குறுகுறுத்தது, சூடு தெரிந்தது, வேறெதுவும் இல்லை.

“எப்படிக்கா இருக்கு? நானும் இப்படித்தான் மணத்தேனா?”

“அதே பால் வாசனைதான்டி,” என்றாள், அந்த யாரோ பெற்ற பிள்ளையை நினைத்துக்கொண்டு. “சொக்குது.”

தங்கை சிரிக்கவில்லை. துப்பட்டாவால் மூக்கைப் பொத்தியபடி அக்காவையே பார்த்தாள்.

“அக்கா, அவ டாக்ஸியிலயே பண்ணி வெச்சுட்டா. வீடே நாறுது.”

அதற்கு மேல் மறைக்க என்ன இருக்கிறது? பன்னிரண்டு வருடக் கதையும் வெளியே வந்தது. மாத்திரை, நாலாம் நாள், இரண்டு வாரம் என்று இவள் விளையாட்டுப் போலவே சொல்லிக்கொண்டு போனாள். தங்கை நடுவில் கணக்குப் போட்டுவிட்டாள்.

“அப்போ நான் ஃபோன் பண்ணினப்போ?”

“அன்னைக்குக் காலையிலதான் வந்துச்சு.”

“ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் வந்திருப்பேனேக்கா.”

“நீ வந்திருப்பே. அதான் சொல்லல.”

தங்கை அழுதாள். அழுது முடித்து, அடுத்த மாத்திரை எப்போது என்று கேட்டாள். பதினொரு மாதம் ஆகும் என்று இவள் சொன்னாள். அப்போது குழந்தை ஓடியாடிக்கொண்டிருக்கும், தலையில் புழுதி வாசனைதான் இருக்கும், பால் வாசனை எல்லாம் போயிருக்கும் என்றும் சொன்னாள்.

“அதுவும் எனக்கு வேணும். டிக்கெட் போட்டதும் தேதியைச் சொல்லிடு. நாலு நாள் முன்னாடியே நான் ஆரம்பிக்கணும்.”

குழந்தைக்குத் துணி மாற்ற நீ எழுந்திருக்காதே, இந்த வேலைக்கு என்னை மாதிரி மூக்குதான் தோது என்று தங்கையை உட்கார வைத்துவிட்டு, குழந்தையை உள்ளறைக்குத் தூக்கிக்கொண்டு போனாள். கதவு மறைத்ததும் நின்றாள். உச்சந்தலையில் மூக்கை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, இன்னொரு தடவை இழுத்துப் பார்த்தாள். ஒன்றும் வரவில்லை.