முதுகில்லாத கோட்டு

பைலட் வேலைக்கு விண்ணப்பம் போடுகிறவன் கோட்டும் டையும் அணிந்த புகைப்படம் ஒட்ட வேண்டும் என்று விமானக் கம்பெனியின் விளம்பரத்தில் இருந்தது. விமானம் ஓட்டிய அனுபவம் எவ்வளவு என்ற கேள்வி அதற்கு நாலு வரி கீழேதான் வந்தது. படித்த உடனே எனக்கு எரிச்சல். ஆண்கள் மட்டும் விண்ணப்பிக்கலாம் என்றும் அதே விளம்பரத்தில் போட்டிருந்தார்கள். கோட்டைப் பற்றி ஊரெல்லாம் நியாயம் பேசிய எனக்கு அந்த வரி கண்ணிலேயே படவில்லை. அதையும் சொல்லிவிடுவதுதான் மரியாதை.

எழுபதுகளின் தொடக்கம் அது. சென்னைக்கு வடக்கே புதுவாயலுக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. அப்பா அங்கே அரிசி மில்லில் மூட்டை தூக்கினார். அவருக்கு முந்தினவர்கள் எல்லாரும் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர்கள். சோழவரத்தில் பழைய விமான ஓடுதளத்தில் மோட்டார் ரேஸ் நடக்கும்போது, கார் மோதினால் அடிபடாமல் இருக்க ஓரமெல்லாம் வைக்கோல் கட்டு அடுக்குவார்கள். அந்தக் கூலிக்கும் அப்பா போவார். ஓடுதளம் இருக்கிறதே, விமானம் எங்கே என்று சின்ன வயதில் நான் அவரை அரித்தெடுத்ததில்தான் என் கிறுக்கு தொடங்கியது.

பிறகு மிஷன் பள்ளிக்கூடம், கல்லூரி, சர்க்கார் உதவித்தொகையில் மீனம்பாக்கத்தில் விமானப் பயிற்சி என்று எப்படியோ லைசென்ஸ் வாங்கிவிட்டேன். வாங்கியதைக் காப்பாற்றுவதுதான் பெரும்பாடு. தொடர்ந்து பறக்காவிட்டால் அது காலாவதியாகிவிடும். சொந்தச் செலவில் பறக்க எனக்கு ஏது வக்கு? இந்த வேலை கிடைத்தால் பைலட், கிடைக்காவிட்டால் மில்லில் அப்பாவுக்குப் பக்கத்தில் நானும் ஒரு மூட்டையைத் தூக்க வேண்டியதுதான்.

எங்கள் பக்கத்து ஆரணியில் ஒரு போட்டோ ஸ்டூடியோ இருந்தது. அதில் ஒரே ஒரு கோட்டு. சுற்றுவட்டாரத்தில் கோட்டுப் போட்ட படம் வேண்டிய எல்லாரும், கல்யாண மாப்பிள்ளைகள் உட்பட, அதைத்தான் மாட்டிக்கொள்வார்கள். ஒல்லிக்கும் குண்டுக்கும் ஒன்றாகப் பொருந்த வேண்டுமே என்று ஸ்டூடியோக்காரர் அதன் முதுகைக் கழுத்திலிருந்து அடிவரை வெட்டி, இரண்டு பக்கமும் நாடா தைத்து வைத்திருந்தார். முன்னால் பார்த்தால் துரை. பின்னால் பார்த்தால் நாடா முடிச்சுகளும் சட்டையும்தான். படத்துக்கு முன்பக்கம்தானே வேண்டும், நானும் துரையாகவே விழுந்தேன்.

படத்தைப் பார்த்து மயங்கினார்களோ என்னவோ, நேர்காணலுக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். கடிதத்திலும் கோட்டும் டையும் அணிந்து வர வேண்டும் என்று அதே நிபந்தனை. வேறு கோட்டுக்கு எங்கே போவது? ஸ்டூடியோக்காரரிடமே போய் நின்றேன். தயங்காமல் எடுத்துக் கொடுத்தார்.

“முதுக மட்டும் காட்டிடாத நைனா. உள்ள போவச்சொல்ல நேரா போ, வரச்சொல்ல அப்டியே பின்னாலயே வந்துடு.”

சென்னையில் அந்த அலுவலகத்துக் கூடத்தில் எட்டுப் பேர் காத்திருந்தோம். மற்ற ஏழு பேருக்கும் சொந்தக் கோட்டு, தோளளவு எடுத்துத் தைத்தது. அவர்களுக்குள் ஏற்கெனவே பழக்கம் வேறு. ஒருவன் அப்பா விமானி, இன்னொருவன் மாமா கம்பெனியிலேயே அதிகாரி. நான் இரண்டு மணி நேரம் முதுகைச் சுவரில் ஒட்டிக்கொண்டு நின்றேன். உட்காரச் சொன்னவர்களிடம் பஸ்ஸில் உட்கார்ந்தே வந்தது போதும் என்று புளுகினேன். கூப்பிட்டதும் விறுவிறுவென்று நுழைந்து கதவைச் சாத்தினேன். அதற்குள் வெளியே யாரோ சிரித்தது காதில் விழுந்தது.

உள்ளே மூன்று பேர். நடுவில் நரைத்த ஒரு கேப்டன், அவர்தான் தலைவர். வலது பக்கம் கம்பெனி அதிகாரி ஒருவர். மூன்றாமவர் குறிப்பெடுப்பவர். பேச்செல்லாம் இங்கிலீஷில். என் இங்கிலீஷும் அதுவரை மீனம்பாக்கத்தைத் தாண்டியதில்லை. அப்பா என்ன செய்கிறார், எந்த கிளப்பில் நான் உறுப்பினர், டென்னிஸ் ஆடுவேனா என்று அதிகாரி வரிசையாகக் கேட்டார். கடைசியில், இதுவரை பயணியாக எத்தனை முறை விமானத்தில் போயிருக்கிறாய் என்றார்.

“ஒரு தடவைகூட இல்லை, சார். மேலே போனபோதெல்லாம் ஓட்டிக்கொண்டுதான் போயிருக்கிறேன்.”

கேப்டன் நிமிர்ந்து உட்கார்ந்தார். சுவரில் மாட்டியிருந்த இந்திய வரைபடத்தைக் காட்டி, சென்னையிலிருந்து நாக்பூருக்குப் போகிறாய், நாக்பூரை மேகம் மூடிவிட்டது, என்ன செய்வாய் என்று கேட்டார். அன்று கேட்டதிலேயே அதுதான் உருப்படியான கேள்வி. நண்டு மாதிரி பக்கவாட்டில் நகர்ந்து வரைபடத்தை அடைந்தேன். அதுவரை ஜாக்கிரதைதான். ஆனால் கேள்வி பிடித்துப்போய்விட்டது. எரிபொருள் எவ்வளவு மீதி இருக்கும், காற்று எந்தப் பக்கம், ஹைதராபாத்துக்குத் திரும்பும் முடிவை எந்த இடத்துக்குள் எடுக்க வேண்டும் என்று விரலால் கோடு இழுத்துக்கொண்டே போனதில் முதுகு என்று ஒன்று இருப்பதையே மறந்துவிட்டேன். சொல்லி முடித்துத் தலையைத் திருப்பினால் மூன்று பேரும் என் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மின்விசிறிக் காற்றில் கோட்டின் இரண்டு பாதியும் இரண்டு பக்கமும் படபடத்துக்கொண்டிருந்தன.

இது என்ன வேஷம் என்று அதிகாரி கேட்டார். அவமானத்தில் காது சுட்டது. அப்புறம் கோபம் வந்தது. கோபம் வந்தால் எனக்கு இங்கிலீஷ் நன்றாகவே வரும் என்பதை அன்றுதான் கண்டுபிடித்தேன்.

“கோட்டு கேட்டீர்கள், சார். எங்கள் பக்கத்தில் இருக்கிற கோட்டு இதுதான். நாக்பூருக்கு நான் சொன்னது சரியா, தப்பா?”

சரிதான் என்றார் கேப்டன். அதைக் கழற்றிப் போட்டுவிட்டு உட்கார் என்றும் சொன்னார். அடுத்த அரை மணி நேரம் இன்ஜின், காற்று, இறங்குதளம் தவிர வேறு பேச்சே இல்லை. அவ்வளவு சந்தோஷமாக நான் எந்தப் பரீட்சையும் எழுதியதில்லை. முடிவில் அதிகாரி, பயணிகளுக்கு நம்பிக்கை வர ஒரு தோற்றம் வேண்டாமா என்று இழுத்தார்.

“சீருடை நாம் கொடுப்பதுதானே? முதுகும் வைத்துத் தைக்கச் சொன்னால் போகிறது” என்றார் கேப்டன்.

கோட்டைக் கையில் சுருட்டிக்கொண்டு, பின்னாலேயே நடக்காமல், எல்லாரையும் போல வெளியே வந்தேன்.

வேலை கிடைத்தது. ஆனால் கேப்டனின் நாற்காலியில் அன்று வேறொருவர் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் கணக்குப் போட்டுப் பார்ப்பேன். நியாயம் ஒரு ஆளின் நல்ல மனசை நம்பி இருக்கக் கூடாது என்பது என் கட்சி. பின்னாளில் மேஜைக்கு அந்தப் பக்கம் உட்காரும் முறை எனக்கு வந்தபோது விளம்பரத்திலிருந்து கோட்டு வரியை முதலில் நீக்க வைத்தேன். ‘ஆண்கள் மட்டும்’ வரியை நீக்க வைப்பதற்குள் பல கூட்டங்களில் தொண்டை கட்டிக்கொண்டது.

சீருடை வந்த வாரமே அப்பாவோடு ஆரணிக்குப் போனேன். மில்லுக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டு, துவைத்த வேட்டி கட்டி வந்திருந்தார். ஸ்டூடியோக்காரர் என்னை நாற்காலியில் உட்காரவைத்து, முகவாயைத் தூக்கி, விளக்கைச் சரிசெய்தார். அப்பா குறுக்கே வந்தார். என்னை எழுப்பி, சீருடைக் கோட்டின் முதுகில் கழுத்திலிருந்து இடுப்புவரை ஓடிய நடுத் தையலை உள்ளங்கையால் மெதுவாகத் தடவிப் பார்த்தார்.

“முன்பக்கம்தான் அன்னிக்கே எடுத்தாச்சே. நீ திரும்பி நில்லுடா” என்றார்.

ஸ்டூடியோக்காரர் அப்படியே எடுத்தார். அந்தப் படத்தைத்தான் அப்பா சட்டம் போட்டு வீட்டில் மாட்டினார். வருகிறவர்கள் முகமே தெரியவில்லையே, யார் இது என்று கேட்பார்கள்.

“எம் பையன்” என்பார். “முழுக் கோட்டு.”