இன்னைக்கு நான் சேலை வியாபாரி

அவனியாபுரத்துல ஒரு வீடு. ஒன்றரை வயசுப் பாப்பா, இன்னும் எந்திரிச்சு நிக்கல. வாராவாரம் போய், பாப்பாவை எப்படி நிக்கப் பழக்கணும்னு அவ அம்மாவுக்குச் சொல்லிக் குடுக்குறதுதான் என் வேலை.

இன்னைக்கு வாசல்லயே பாப்பாவோட பெரியப்பா மறிச்சாரு.

"டீச்சர், தங்கச்சியப் பொண்ணு பாக்க வந்திருக்காக. யாரும் கேட்டா சேலை விக்க வந்தேன்னு சொல்லிருங்க."

"பாப்பா எங்கண்ணே?"

"உள் ரூம்ல அம்மாகூட இருக்கு. அவுக போறவரைக்கும் கதவத் தெறக்க வேணாம்னு சொல்லிருக்கோம்."

போன வாரம்தான் அந்தப் பிள்ளை ஸ்டூலைப் பிடிச்சு முதல் தடவையா எந்திரிக்கப் பாத்துச்சு. எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு.

"ஒளிச்சு வைக்க அது என்ன திருட்டு நகையாண்ணே?"

"மெதுவாப் பேசுங்க டீச்சர், சம்பந்தம் கெட்டுப்போயிரும்."

நான் மெதுவாப் பேசல. பேசிட்டுத் திரும்பி வந்துட்டேன்.

ஷேர் ஆட்டோவுக்கு நிக்கிறப்ப, பட்டுச்சேலையில ஒரு அம்மா மூச்சு வாங்க வந்தாங்க. மாப்பிள்ளையோட அம்மாவாம். சரி, பிள்ளையைப் பூட்டி வச்சதைக் கேக்கத்தான் வாராங்கன்னு நெனச்சேன்.

"நீங்க பேசுனது கேட்டுச்சு டீச்சர். எங்க மூத்த மகன் பிள்ளைக்கும் ஒரு வயசாச்சு, இன்னும் கழுத்து நிக்கல. வாடிப்பட்டிக்கு வருவீங்களா?"

"இன்னைக்குக் கூட்டிட்டு வந்திருக்கலாமேம்மா?"

"நல்ல காரியத்துக்கா? பொண்ணு வீட்டுல சொல்லிராதீக."

ஜாதகம் எப்படியோ தெரியல, இந்தப் பொருத்தம் ரெண்டு வீட்டுக்கும் பத்துக்குப் பத்து.

வாடிப்பட்டிக்கு நான் என்ன விக்கிறவளாப் போகணும்? நீங்களே சொல்லுங்க.